கம்பைலருக்குக் கட்டிய தோணி

எழுபதுகளில் எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் பட்டப்பகலில் குளிரில் நடுங்கக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு ஆலை, அதற்குள்ளே ஒரு கம்ப்யூட்டர் அறை. வெளியே உப்பளத்து வெயில் கண்ணைப் பிடுங்கும். உள்ளே நான், கப்பலுக்குப் போய் வந்த மாமாவின் கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆலையில் இருந்த அத்தனை பேரும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். "மிஷின் எப்படி ஓடுது?" என்பார்கள். ஏசிக்காக வந்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? "நல்லா ஓடுது, கதவைச் சாத்திட்டுப் போங்க" என்பேன். என் வாய் அப்படி.

அந்த அறைக்கு ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான், கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்த கடற்கரைக்காரி. இன்னொருவர் நாசரேத் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். கோபமே வராத மனிதர். அதனாலேயே எனக்கு அவர்மேல் அடிக்கடி கோபம் வரும்.

ஆலையின் சரக்கு இருப்பு, சம்பளம், கொதிகலன் கணக்கு எல்லாவற்றையும் எழுதுவதற்கு நாங்களே சின்னதாக ஒரு மொழி வைத்திருந்தோம். அந்த மொழியில் எழுதியதை மிஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருவது கம்பைலர் என்கிற நிரல், அதாவது புரோகிராம். அதிசயம் என்னவென்றால், அந்தக் கம்பைலரையும் அதே மொழியில்தான் எழுதியிருந்தோம். தன்னைத் தானே படித்து, தன்னைத் தானே மறுபடி உண்டாக்கும். முதல் தடவை அது நடந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா கவலைப்பட்டுக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "அது எப்படிளா, தன்னைத்தானே பெத்துக்கிடுமா?" என்றாள்.

"தயிருக்கு உறை எங்கேயிருந்து எடுக்கே? நேத்தைய தயிர்லதானே? அது மாதிரிதாம்மா. பழைய கம்பைலரை வச்சுப் புதுக் கம்பைலரு."

"சரி, முத தயிரு?"

நல்ல கேள்வி. முதலாவதை நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எண் எண்ணாகக் கையால் எழுதியிருந்தோம். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு அவசியமே வரவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிஷினில் எந்த நிரலும், தகவலை எழுதி வைக்கிற காந்த டேப்பையோ பிரிண்டரையோ நேரே போய்த் தொட முடியாது. நடுவில் ஒரு மேற்பார்வை நிரல் உட்கார்ந்திருக்கும். இப்போது கர்னல் என்கிறார்கள். நாங்கள் மானிட்டர் என்போம். எது வேண்டுமானாலும் ஒரு எண்ணைச் சொல்லி அதைக் கூப்பிட வேண்டும். இந்த எண் என்றால் துளை போட்ட கார்டைப் படி, அந்த எண் என்றால் பிரிண்டருக்கு அனுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

எங்கள் ஊர்க் கரண்டோ, நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கம்பைலர் பாதி வேலையில் இருக்கும்போது போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு மூன்று தடவை பட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் புத்திக்கு எட்டியபடி ஒரு வழி செய்தோம். கம்பைலர் ஒவ்வொரு வரியை முடித்ததும் மானிட்டரைக் கூப்பிட்டு, 'இதுவரை செய்ததை டேப்பில் எழுதி வை' என்று சொல்லும். எங்கள் வீட்டில் அம்மா படி இறங்கினால் சிலுவை போடுவாள், பஸ் ஏறினால் போடுவாள், கொட்டாவி விட்டால்கூடப் போடுவாள். எங்கள் கம்பைலரும் அப்படித்தான் அடிக்கொரு தரம் மானிட்டரைக் கூப்பிட்டது. அண்ணாச்சி புரோட்டஸ்டண்ட், அவர் சபையில் சிலுவை போடுகிற வழக்கம் கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் அவர் என்னை மிஞ்சினார். பார்த்த இடத்திலெல்லாம் அந்தக் கூப்பாட்டைச் செருகி வைத்தார். கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மிஷின் செய்தவர்களிடமிருந்து புது மானிட்டர் வந்தது. வட்டமான தகர டப்பாவில் ஒரு டேப், கூட ஒரு தடித்த புத்தகம். மாதா கோயில் திருவிழா முடிந்து ரோட்டில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டேப்பை ஏற்றினோம், எங்கள் கம்பைலரை ஓட விட்டோம்.

அது ஒரு வரியைப் படித்தது. உடனே டேப் சர்ரென்று சுற்றி முதல் இடத்துக்குப் போனது. அடுத்த வரி. மறுபடியும் சர்ர். அதற்கடுத்த வரி, மறுபடியும் சர்ர். மிஷின் இருந்த இடத்தில் நின்றுகொண்டு டேப்பை முன்னும் பின்னும் இழுத்து அடித்தது.

"சேசுவே! பேய் கீய் பிடிச்சிருச்சா இதுக்கு? நிறுத்துங்க அண்ணாச்சி, டேப்பு பிய்யப்போவுது!"

அவர் நிறுத்தினார். சாவதானமாகப் புத்தகத்தைப் புரட்டினார். "பேயெல்லாம் இல்லம்மா. நாம எழுதி வைன்னு சொல்லுத நம்பர், புது மானிட்டர்ல டேப்பை முதலுக்குச் சுத்துன்னு ஆயிருக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பழைய மானிட்டருக்கு மிஷின் செய்தவர்கள் இனிமேல் பொறுப்பு ஏற்க மாட்டார்களாம். கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் புதியதில் ஓட வேண்டும் என்று மெட்ராஸ் ஹெட் ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். "ஓடலைன்னா இந்த ரூமை மூடிருவாங்க. வேலை எல்லாம் மெட்ராஸுக்குப் போயிரும்" என்றார்.

அண்ணாச்சிக்கு அது பெரிய விஷயமில்லை. ஆண்பிள்ளை, மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போவார். எனக்கு? அப்பா பழைய துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க். பெண் எம்.எஸ்ஸி. படித்ததில் அவருக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் பெருமை உண்டு. ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணை வெளியூரில் வேலைக்கு வைக்க அவர் மனசு இடம் கொடுக்காது. அந்த அறை மூடினால் எனக்கு அந்த வேலை இல்லை, அவ்வளவுதான். அந்த மிஷினைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் எனக்கு அப்படி ஆசை வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

அண்ணாச்சி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய எண் வருகிற இடங்களையெல்லாம் தேடிப் புது எண் போடுவது அவர் திட்டம்.

"எத்தனை இடம்னு பாத்தியளா?" என்றேன்.

"நூத்துக்கணக்குல இருக்கும். மாத்திட்டாப் போச்சு."

"அடுத்த வருசம் இன்னொரு டேப்பு அனுப்புவான். அப்பமும் மாத்துவியளோ?"

"அப்பமும் மாத்துவோம்."

"அதுக்கடுத்த வருசம்?"

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, பழைய துறைமுகத்துல பாத்திருக்கியளா? கப்பலு கரைக்கு வராது, ஆழம் கிடையாது. தூரத்துல நிக்கும். தோணிக்காரன்தான் கப்பலுக்கும் கரைக்கும் போயிட்டு வருவான். இன்னைக்குக் கிரேக்கக் கப்பலு, நாளைக்கு ஜப்பான் கப்பலு. கரையில மூட்டை தைக்கிறவனுக்கு எந்தக் கப்பலுன்னு தெரியணுமா? நம்ம கம்பைலர்ல ஒவ்வொரு மூட்டையும் தானே கடல்ல இறங்கிக் கப்பலுக்கு நீந்திக்கிட்டு இருக்கு. சவம், முங்காம என்ன செய்யும்?"

சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "அப்பம் தோணி கட்டுவோம்" என்றார்.

கட்டினோம். மானிட்டரோடு பேசுகிறதையெல்லாம் கம்பைலரின் உடம்பிலிருந்து பிடுங்கி ஒரே இடத்தில் சேர்த்தோம். அந்தப் பகுதிக்கு ஆங்கில எழுத்தில் தோணி என்றே பெயர் வைத்தோம். கம்பைலருக்கு ஒரு வரி வேண்டுமென்றால் தோணியைக் கேட்கும். எழுத வேண்டுமென்றால் தோணியிடம் கொடுக்கும். மானிட்டரின் எண்கள் தோணிக்கு மட்டும்தான் தெரியும். சிலுவை போடுகிற விஷயத்தில் பெரிய சண்டை வந்தது. எழுதி வைப்பதே வேண்டாம், தூக்கிவிடலாம் என்றேன் நான். கரண்டு போனால் நீயா வந்து நிற்பாய் என்றார் அவர். கடைசியில் அதையும் தோணியில் ஏற்றினோம். நல்ல கரண்டு இருக்கிற ஊரில் தோணி அதைக் காதில் வாங்காமல் இருந்துகொள்ளலாம்.

வேலை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விஷயங்கள் கொஞ்சநஞ்சமல்ல. எங்களுக்கே தெரியாமல் பழைய மானிட்டர் எங்கெங்கோ ஒளிந்திருந்தது. ஒரு வரி என்றால் கார்டில் இருக்கிற எண்பது எழுத்துத்தான் என்று ஓரிடத்தில் நம்பியிருந்தோம். டேப்பின் முடிவு இப்படித்தான் தெரியும் என்று இன்னோரிடத்தில் நம்பியிருந்தோம். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வெளியே தள்ளினோம். தள்ளத் தள்ள, கம்பைலருக்கு வெளியுலகத்திடமிருந்து தேவைப்படுவது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் மதியம், தோணியிடம் கம்பைலர் என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்றைத் திற. ஒரு வரி கொடு. ஒரு வரி வாங்கிக்கொள். எழுதி வை. மூடு. முடிந்தது என்று சொல். இவ்வளவுதான். எனக்கு ரோமம் சிலிர்த்தது. அத்தனை பெரிய கம்பைலர், நாங்கள் இரண்டு பேர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதியது, இந்த மிஷினிடமும் மானிட்டரிடமும் கேட்பது ஒரு கைக்குள் அடங்குகிறதே! மீதி எல்லாம் வெறும் யோசனை. அதற்கு டேப் தெரியாது, பிரிண்டர் தெரியாது, எந்த ஊரில் இருக்கிறோம் என்றும் தெரியாது. கையால் தொட முடியாத ஒன்றை நாங்கள் செய்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு சோதனை. புதிதாக எழுதிய கம்பைலரை, பழைய மானிட்டரில் பழைய கம்பைலர் மொழிபெயர்க்க வேண்டும். அப்படி வந்ததைக் கொண்டு, புது மானிட்டரில் புதியது தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பிறந்ததைக் கொண்டு மறுபடி ஒரு தடவை. கடைசி இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் கம்பைலர் சரி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குட்டி நிரல் வைத்திருந்தோம். வித்தியாசம் கண்ட இடத்தை மட்டும் அது அச்சடிக்கும்.

முதல் தடவை பிரிண்டர் தாள் தாளாகத் துப்பியது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது, கடைத்தெருவில் நட்சத்திர விளக்குகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. நானும் அண்ணாச்சியும் தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு முட்டிபோட்டுத் தேடினோம். வித்தியாசங்கள் எல்லாம் ஒரே மாதிரி இடத்தில் வந்தன. எங்கள் கம்பைலர் ஒரு அட்டவணையில் எதுவும் எழுதாமலே அதை வெற்றிடம் என்று நம்பிப் படித்துக்கொண்டிருந்தது. பழைய மானிட்டர், நிரலுக்கு மிஷினின் நினைவகத்தில் இடம் கொடுக்கும் முன்னால் கூட்டிப் பெருக்கிக் கொடுக்கும். புதியது அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும், முன்னால் இருந்தவன் விட்டுப்போன குப்பையோடு.

"பழையவன் நல்லவன். சொல்லாமக் கொள்ளாம நமக்குப் பெருக்கிப் போட்டிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

"அவன் நல்லவனா இருந்ததுனாலதான் நாம கெட்டுப்போனோம்" என்றேன்.

நம் வீட்டை நாமே பெருக்கிக்கொள்கிற மாதிரி எழுதினோம். மறுபடி ஓட விட்டோம். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. ஒப்பிடுகிற நிரலைப் போட்டோம். பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

பிரிண்டர் பேசவில்லை. டேப்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தன. ஒரு எழுத்துகூட வரவில்லை. டேப்கள் கடைசி வரைக்கும் போய் நின்றன. ஆயிரமாயிரம் எண்கள், ஒன்றோடொன்று உரசிப் பார்க்கப்பட்டு, ஒன்றில்கூடப் பிசகு இல்லை. ஜெபம் முடிந்த கோவிலில்கூட நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நான் அழுதேன். கம்பளிச் சட்டையின் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன, ஒண்ணுமே பிரிண்ட் ஆகலை? ரிப்பேரா?"

"ஆமா ஸார், ஒண்ணுமே பிரிண்ட் ஆகலை!" என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். விஷயத்தை அண்ணாச்சி போய் விளக்கிச் சொன்ன பிறகு மக்ரூன் இனிப்பு வாங்கி அனுப்பினார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே எல்லாம் புது மானிட்டரில் ஓடியது. பொங்கல் கழிந்து, மிஷின் செய்தவர்கள் மானிட்டரில் இன்னும் ஏதோ மாற்றி ஒரு டேப் அனுப்பினார்கள். காலையில் பிரித்தோம். தோணியில் சில வரிகள் மாற்றினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. அண்ணாச்சி தூக்குவாளியைத் திறந்துகொண்டே, "இதுக்கு மேல எத்தனை டேப்பு வந்தாலும் வரட்டும்" என்றார். நான் அப்போது நினைத்தேன், இனி இந்த அறையை யாரும் அசைக்க முடியாது என்று. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

மேனேஜர் பெருமையாக ஹெட் ஆபீஸுக்குச் சொன்னார். அவர்களிடம் இதே வகை மிஷின், ஆனால் பெரியது. பல பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காக முற்றிலும் வேறு மானிட்டர். உங்கள் கம்பைலரை அனுப்புங்கள், இங்கேயும் ஓடுமா என்று பார்க்கலாம் என்றார்கள். எழுதியவர்களில் ஒருவர் வந்து ஒரு வாரம் இருந்து ஓட வைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி வீட்டில் பிரசவம். அவர் என்னைக் கை காட்டினார்.

வீட்டில் நடந்த யுத்தத்தைச் சொல்லி மாளாது. "ஒத்தையில மெட்ராஸுக்குப் போறியாக்கும்? ஏளா, ஊர்ல என்ன சொல்லுவான்?" என்றார் அப்பா.

"ஊர்ல எவன் கம்பைலர் எழுதுதான், அவன் வந்து சொல்லட்டும்."

"வாயைப் பாரு!"

நான் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா மூலமாகத் தூது போனது. அம்மா போய்ப் பங்குச் சாமியாரிடம் சொல்லி, மெட்ராஸில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஹாஸ்டலில் இடத்துக்குக் கடிதம் வாங்கி வந்தாள். கடைசியில் அப்பாவே போய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்தார். என் கையில் தரவில்லை, அலமாரியில் வைத்துவிட்டு, "அங்கன இருக்கு" என்றார். அதுவே பெரிது. கம்பைலர் டேப்பை மட்டும் முன்கூட்டியே மெட்ராஸுக்குப் போகிற ஆபீஸர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம். நான் பெட்டி கட்டினேன். ஒரு வாரம் அங்கே என் வேலையைப் பார்த்தால் பிறகு என்னை விடமாட்டார்கள், அப்பாவும் வழிக்கு வந்துவிடுவார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

ரயில் ஏற வேண்டிய நாள் காலையில் மேனேஜர் அறைக்கு மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவில் மெட்ராஸ்காரர் உற்சாகமாகப் பேசினார்.

"டேப் வந்ததும் சும்மா எடுத்துப் பார்த்தேங்க. தோணின்னு ஒரு பகுதி தனியா இருந்தது. அதை மட்டும் எங்க மானிட்டருக்குத் தகுந்த மாதிரி எழுதிப் போட்டேன். மத்ததுல ஒரு வரி தொடலை. ஓடிடுச்சு!"

"தன்னைத் தானே மொழிபெயர்த்துச்சா? ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தியளா?"

"பார்த்தேங்க. ஒரு வித்தியாசமும் இல்லை. பிரமாதம். நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்."

"ஓடிருச்சு அண்ணாச்சி! மெட்ராஸ்ல ஓடிருச்சு!" என்று ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான். நான் கண்ணால் பார்த்திராத ஒரு அறையில், கை வைத்திராத ஒரு மிஷினில், பேர்கூடத் தெரியாத ஒரு மானிட்டருக்குக் கீழே, நாங்கள் யோசித்தது தன்னைத் தானே மறுபடி உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவருகில் நின்ற அண்ணாச்சி சிரிக்கவில்லை. மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா" என்றார். ஹெட் ஆபீஸில் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். அங்கேயே எல்லாம் ஓடும்போது இங்கே தனியாக ஒரு மிஷின் எதற்கு என்று முடிவாம். வருஷக் கணக்கு முடிந்ததும் அறையை மூடிவிடுவார்கள். எனக்கு வேண்டுமானால், ஆட்கள் வருகிற போகிற நேரம் குறிக்கிற டைம் ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றார்.

அண்ணாச்சி என்னோடு கேட் வரைக்கும் நடந்து வந்தார். "பழையபடியே விட்டிருந்தா, நம்மளைக் கூப்பிடாம அவங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இல்லையா?" என்றார்.

"அந்தக் குப்பையவா? கூப்பிட்டிருந்தா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தேன். நடுவீட்டில் பெட்டி கயிறு கட்டித் தயாராக நின்றது. அம்மா வழிக்கு இட்லி கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டேஷனுக்கு வருவதற்காக லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"என்னளா, ரயிலுக்கு நேரமாச்சு, கயித்தை அவுக்கே?"

"நான் போக வேண்டாமாம்ப்பா. நான் எழுதினது எனக்கு முந்திப் போயி அங்கன ஓடிக்கிட்டு இருக்காம்."

சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாவுக்குக் கம்பைலரும் தெரியாது, மானிட்டரும் தெரியாது. ஆனாலும் எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"நல்லா ஓடுதாமா?" என்றார்.

"ஒரு எழுத்துகூடப் பிசகலையாம்ப்பா."

"அப்பம் நீ?" என்றார்.